படைத்தவருக்குப் பாவத்தில் பங்கு உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, அங்கேயே பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருமுனையில் பிள்ளையார் கோயில், அதைத் தாண்டினால் மாதா கோயில், அதற்கும் அப்பால் பள்ளிவாசல். மூன்று இடத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 'நாம் செய்யும் தப்புக்கு நம்மைப் படைத்தவர் பொறுப்பா?' என்று அவர்கள் வெவ்வேறு வயதில், வெவ்வேறு வார்த்தையில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் வாதத்துக்காகக் கேட்ட சிலர், இருபது வருடம் கழித்து இழவு வீட்டுத் திண்ணையில் அழுதுகொண்டே அதையே கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையும், சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டுப் பிறகு யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் பூசாரியோ பாதிரியாரோ ஆலிமோ இல்லை. படித்ததையும் பார்த்ததையும் வைத்துப் பேசுகிறேன்.

கேள்வி என்னதான்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கடவுள் எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர், நல்லவர் என்கிறோம். நம்மைப் படைத்தவரும் அவரே. நாமோ திருடுகிறோம், அடிக்கிறோம், ஏமாற்றுகிறோம். இப்படிச் செய்வோம் என்று தெரிந்தேதான் படைத்தார் என்றால் அந்தத் தப்பில் அவர் கையும் இருக்கிறதே? 'அவனன்றி ஓரணுவும் அசையாது' என்று சொல்லிவிட்டு, கத்தியை ஓங்கிய கை மட்டும் தானாக அசைந்தது என்று எப்படிச் சொல்வது?

உங்கள் பதில் என்ன?

மீன் விற்றதும் கரையில் பங்கு பிரிப்பார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்குப் பங்கு. ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். பாவத்தின் பொறுப்பையும் இப்படிப் பிரித்துவிடலாம் என்று நினைப்பதால்தான் குழம்புகிறோம் என்பது என் எண்ணம். கடவுளுக்கு முக்கால் பங்கு போனால் எனக்குக் கால் பங்குதான் என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். கடவுள் மேல் ஒரு துளியும் படக்கூடாது என்று பக்தர் ஒருவர் மொத்தத்தையும் மனிதன் தலையில் ஏற்றுகிறார். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே தராசு.

பொறுப்பு அப்படிக் குறைவதில்லை. 'ஏன் இப்படி ஓர் உலகத்தைப் படைத்தீர், இதில் விழுகிறவர்களை என்ன செய்யப்போகிறீர்' என்பது படைத்தவர் முன் நிற்கும் கேள்வி. 'அன்றைக்கு ஏன் அவளை அடித்தாய்' என்பது என் முன் நிற்கும் கேள்வி. முதல் கேள்விக்கு அவர் முழுதாகப் பதில் சொல்லி முடித்தாலும் இரண்டாவது கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கும். அவரைக் கேட்காமல் விட்டாலும் அது வளர்ந்துவிடாது.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குக் காட்டியவர் அப்பா.

அப்பா என்ன செய்தார்?

அப்பா ஓடாவி. மரத்தில் படகு கட்டுகிற ஆசாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அடிமரமான ஏராக்கட்டை போட்டு, விலா எலும்பு போன்ற வங்கு நிறுத்தி, பலகை அடித்து, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்ப்பதுவரை எல்லாம் அவர் கைவேலை. ஒருமுறை பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குச் சின்ன வல்லம் ஒன்று கட்டிக்கொடுத்தார். அந்த ஆள் பாறைப் பக்கம் போய் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர் என்று ஊருக்கே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். வீட்டில் அடுப்பு எரியவேண்டும், கட்டினார்.

ஆறு மாதத்துக்குள் வெடி கையிலேயே வெடித்தது. போட்ட ஆளின் கையில் வெடிக்கவில்லை. கூலிக்குக் கூடப்போன பதினாறு வயதுப் பையன் கையில். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பையன் கவனமில்லாமல் பிடித்தான் என்று படகுக்காரர் சொல்லித் திரிந்தார். அப்பாவிடம் யாரும் வந்து நியாயம் கேட்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு பையில் அரிசி கட்டிக்கொண்டு பையன் வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறும் போனார். வருடக்கணக்கில் போனார்.

"நீங்களா வெடி போட்டீங்க, நீங்க ஏம்ப்பா போகணும்?" என்று கேட்டேன். "வெடி போட்டது அவன். அதுக்கு அவன்தான் பதில் சொல்லணும் ஆத்தா. ஆனா தெரிஞ்சுதான கட்டுனேன். அதுக்கு நான்தான சொல்லணும்?" என்றார்.

அப்பா அரிசி கொண்டுபோனதால் அந்தப் படகுக்காரரின் குற்றம் ஒரு படிகூடக் குறையவில்லை. அவர் குற்றவாளி என்பதால் அப்பாவும் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கடவுளைப் பற்றிய இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் மனம் முதலில் அந்த அரிசிப் பைக்குத்தான் போகும்.

தப்பு செய்த முதல் மனிதனே கடவுள்மேல் பழி போட்டானாமே?

ஆமாம். பைபிளில் தொடக்கநூல் மூன்றாம் அதிகாரத்தில், விலக்கிய கனியை ஏன் தின்றாய் என்று கடவுள் கேட்கிறார். நீர் எனக்குத் துணையாகத் தந்த பெண்தான் கொடுத்தாள், தின்றேன் என்கிறான் ஆதாம். பழி பெண்மேல் விழுவது போலத் தெரிந்தாலும் 'நீர் தந்த' என்பதில்தான் அழுத்தம் இருக்கிறது.

குர்ஆனில் இதே நிகழ்ச்சி வேறு மாதிரி வருகிறது. ஏழாம் அத்தியாயத்தில், நீ என்னை வழிகெடுத்துவிட்டாய் என்று இறைவனிடம் சொல்பவன் இப்லீஸ் என்ற சாத்தான். ஆதமும் அவர் மனைவியும், எங்கள் இறைவனே, நாங்கள் எங்களுக்கே அநீதி செய்துகொண்டோம் என்கிறார்கள். கட்டளையை மீறியது இருபக்கமும் உண்டு. அதற்கு அவர்கள் சொன்ன பதிலில்தான் பாதை பிரிகிறது. கீழக்கரைப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த ஓர் ஆசிரியர் இதை எனக்கு விளக்கியபோது, இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடவுளுக்குப் பொறுப்பே இல்லை என்று மதங்கள் சொல்கின்றனவா?

அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. சோதனை வந்தால் கடவுள் என்னைச் சோதிக்கிறார் என்று யாரும் சொல்லக்கூடாது, அவரவர் ஆசையே இழுக்கிறது என்று யாக்கோபு திருமுகம் சொல்கிறது. ஆனால் அதே பைபிளில் விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஒரு மாடு முட்டி ஆள் செத்தால் மாட்டைக் கொல்லவேண்டும், சொந்தக்காரர் மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே தெரிந்து, எச்சரித்தும் அவர் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் சொந்தக்காரருக்கும் மரண தண்டனை. குழி வெட்டி மூடாமல் விட்டவர், அதில் விழுந்து செத்த மாட்டுக்கு ஈடு கொடுக்கவேண்டும். இணைச்சட்ட நூலில் இன்னொன்று: புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவரின் இரத்தப்பழி வீட்டின்மேல்.

தெரிந்தவர், உண்டாக்கியவர் பதில் சொல்லவேண்டும் என்பது கடவுள் கொடுத்ததாகச் சொல்லப்படும் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கொடுத்தவரிடம் அதையே திருப்பிக் கேட்பது அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. கிறிஸ்தவத் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "அதனாலதான் டீச்சர் சிலுவை" என்றாள். மனிதன் செய்த பாவம் மனிதனுடையதாகவே இருக்க, அதன் வலியைக் கடவுள் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு மறுபடியும் அரிசிப் பை ஞாபகம் வந்தது.

நாளைக்கு நான் செய்யப்போவது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால், செய்யாமல் இருக்க என்னால் முடியுமா?

புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். கூண்டு ஏற்றியதால் புயல் வருவதில்லை. வரப்போவதைத் தெரிந்து ஏற்றுகிறார்கள். அறிவது வேறு, நடத்துவது வேறு. ஆறாம் நூற்றாண்டில் சிறையில் இருந்தபடி இதை யோசித்த போயத்தியஸ் என்ற ரோமானியத் தத்துவவாதி ஒரு படி மேலே போனார். கடவுளுக்கு முன், பின் என்பதே கிடையாது, நாம் எதிரில் நடப்பதைப் பார்ப்பது போல அவர் எல்லாக் காலத்தையும் ஒரே பார்வையில் பார்க்கிறார் என்றார். ஒருவன் நடந்துபோவதை நான் பார்க்கிறேன் என்பதற்காக அவன் நடந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடாது.

சரி, ஆனால் கூண்டு உவமையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. கூண்டு ஏற்றுகிறவர் காற்றைப் படைக்கவில்லை. கடவுள் படைத்தார். ஆகவே 'தெரியும்' என்பதால் மட்டும் என் விருப்பம் பறிபோகாது என்றுதான் இந்தப் பதில் நிரூபிக்கிறது. 'தெரிந்தே ஏன் படைத்தார்' என்ற கேள்வியை இது தொடவே இல்லை.

சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது?

எங்கள் வீட்டு மரபு இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த முறைப்படி பதி, பசு, பாசம் மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் தளை. அதாவது இறைவன் உயிரைப் படைக்கவே இல்லை. உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவம் என்ற அழுக்கையும் அவர் உண்டாக்கவில்லை. நெல்லோடு உமி போல, செம்போடு களிம்பு போல அது எப்போதும் உடன் இருக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் செம்புக்குடம் வைத்திருப்பவர்களுக்குக் களிம்பைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை.

அப்படியானால் படைத்தல் என்பது என்ன? ஆணவத்தில் மூழ்கிக் கிடக்கும் உயிருக்கு உடம்பும் கருவிகளும் உலகமும் கொடுத்து, வினைசெய்து, பட்டு, தெளிந்து மேலே வர வழிசெய்வது. குடத்தைத் துலக்கப் புளியும் மண்ணும் கொடுத்தது போல. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்து தொழிலும் இந்த ஒரு நோக்கத்துக்குத்தான்.

குற்றம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் இறைவனைச் சிக்கவிடாத வழி இது. இதன் விலையையும் சொல்லவேண்டும்: இறைவன் இருக்கும் நாளெல்லாம் ஆணவமும் இருந்தது என்று ஒத்துக்கொள்ளவேண்டும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எல்லாவற்றையும் படைத்த கடவுளை நம்புகிறவர்களுக்கு இது தொண்டையில் இறங்காது. எனக்கு இதில் பிடித்தது வேறு. நோயைக் கொடுத்தவர் அவர் இல்லை என்று சொன்ன பிறகும், குணப்படுத்தும் கடமையிலிருந்து சித்தாந்தம் அவரை விடுவிக்கவில்லை. கடைசி உயிர் கரையேறும்வரை அவருக்கு வேலை இருக்கிறது.

வேதாந்திகள்?

வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்மசூத்திரம் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஒருவனுக்கு இன்பமும் இன்னொருவனுக்குத் துன்பமும் கொடுக்கும் கடவுள் ஓரவஞ்சனை உள்ளவர், கொடியவர் ஆகமாட்டாரா? சங்கரர் மழையை உவமை காட்டுகிறார். மழை எல்லா நிலத்துக்கும் பொது. நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் முளைப்பது விதையால். விதை என்பது அவரவர் வினை.

இராமானுசர் உவமை எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே பிடிபடும். இருவருக்குக் கூட்டுச் சொத்து ஒன்று இருக்கிறது. ஒருவர் அதைக் கைமாற்றவேண்டுமானால் மற்றவர் சம்மதிக்கவேண்டும். சம்மதம் வந்தாலும் முயன்றவர் முதலாமவரே, பலனும் அவருக்கே. முதல் முயற்சி உயிருடையது, இறைவன் அனுமதிக்கிறார் என்பது அவர் கட்சி. கூட்டுப் படகு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால், சம்மதித்தவரையும் கொஞ்சம் விசாரிக்கவேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கீதையில் அர்ச்சுனன் கேட்கும் ஒரு கேள்வி இதைவிட என்னைத் தொடுகிறது. விருப்பமில்லாமலே, யாரோ பிடித்துத் தள்ளியது போல மனிதன் பாவம் செய்கிறானே, தள்ளுவது எது? காமமும் கோபமும் என்கிறார் கண்ணன். கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சொல்லி முடித்து, நன்றாக யோசித்து, நீ விரும்பியபடி செய் என்று விட்டுவிடுகிறார். தேரை ஓட்டுகிறவரே அப்படிச் சொல்கிறார்.

களா கத்ர் என்னும் இறைவிதியை நம்பும் முஸ்லிம்கள் எல்லாம் விதி என்று இருந்துவிடுவார்களா?

இல்லை. எல்லாமே விதி, மனிதனுக்குச் சக்தி இல்லை என்றவர்களும் இஸ்லாத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் இருந்தார்கள், மனிதன் தன் செயலைத் தானே உண்டாக்குகிறான் என்றவர்களும் இருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த இமாம் அஷ்அரீ நடுவில் ஒரு வழி சொன்னார். செயலைப் படைப்பது இறைவன், அதைத் தனதாக்கிச் சம்பாதிப்பது மனிதன். கஸ்பு என்பது அந்தச் சம்பாத்தியத்துக்குப் பெயர். நன்மை வந்தால் அல்லாஹ்விடமிருந்து, தீமை வந்தால் உன்னிடமிருந்து என்று குர்ஆன் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. அதற்கு முந்தைய வசனமோ எல்லாம் அல்லாஹ்விடமிருந்தே என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

நடைமுறையில் எப்படி என்று கேட்டால், கலீபா உமர் சிரியாவுக்குப் போன வழியில் அங்கே கொள்ளைநோய் என்று கேட்டுத் திரும்பிய சம்பவத்தைச் சொல்வார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீரா என்று அங்கிருந்த படைத்தலைவர் அபூ உபைதா கேட்டார். ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே போகிறோம் என்றார் உமர். கூண்டு ஏறியதும் படகைக் கரையில் இழுத்துக் கட்டுகிறவரும் அதைத்தான் செய்கிறார்.

நல்லதை மட்டுமே தேர்ந்தெடுக்கும் மனிதர்களை அவர் படைத்திருக்கலாமே?

1955இல் ஜே. எல். மாக்கி என்ற தத்துவவாதி இதைக் கூர்மையாகக் கேட்டார். ஒருவன் ஒருமுறை தன் விருப்பத்தோடு நல்லது செய்ய முடியும் என்றால் எல்லா முறையும் செய்வதும் முடியாத காரியம் இல்லையே, அப்படிப்பட்டவர்களையே படைத்திருக்கலாமே என்றார். 1970களில் ஆல்வின் பிளான்டிங்கா பதில் சொன்னார்: உண்மையான சுதந்திரம் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது தேர்ந்தெடுப்பவர்களைப் பொறுத்தது, அதைக் கடவுளாலும் முன்கூட்டி அமைத்துவிட முடியாமல் போகலாம்.

தர்க்கமாக எனக்குப் பதில் போதும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதற்காக அது தவறான பதில் என்று ஆகாது. சொல்லும் இடம் வேறு, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் ஒரே அளவு சுதந்திரமா இருக்கிறது?

கண்டிப்பாக இல்லை. இந்தப் பேச்சில் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். முன்பணம் வாங்கிக் கடனில் மாட்டியவர், தடை செய்த இரட்டைமடி வலையோ கடல் அட்டையோ, படகு முதலாளி சொன்னதைச் செய்கிறார். பிடிபட்டால் சிறைக்குப் போவதும் அவர்தான். அவருக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது எவ்வளவு சின்ன சந்துக்குள் நெளிகிறது என்று பார்க்கவேண்டும். இரந்துதான் ஒருவன் உயிர்வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று திருவள்ளுவரே சபித்தார்: 'பரந்து கெடுக உலகியற்றி யான்.' முயற்சியைப் பற்றி அவ்வளவு சொன்னவர், வறுமைக்கு முன்னால் மட்டும் படைத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை, ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். விதி, அவன் செயல் என்று அப்போது பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். சங்கிலியைப் பூட்டியது மனிதக் கை. எழுந்து ஓடும் விருப்பம்கூடப் பூட்டப்பட்ட மனிதர்கள் அவர்கள். அந்த இடத்தில் கடவுள் பெயரைச் சொன்னவர்கள் கடவுளைக் காப்பாற்றவில்லை, சாவி வைத்திருந்தவர்களைக் காப்பாற்றினார்கள்.

புயலுக்கு யார் பொறுப்பு?

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் போனது. அதில் மனிதப் பாவம் எதுவும் நடுவில் இல்லை. கடலுக்கு மனமில்லை, ஆகவே அதன்மேல் குற்றமும் இல்லை. தன்விருப்பம் என்ற பதிலைச் சொல்லித் தப்ப இங்கே யாராலும் முடியாது. இது நேராகப் படைத்தவர் வாசலுக்கே போகிற கேள்வி.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் அந்த வாசலில்தான் நிற்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி அழுகிறாள். 'படைத்தோன் மன்ற, அப்பண்பி லாளன்' என்கிறார். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன். இரண்டாயிரம் வருடத் தமிழில் இதைச் சொன்னதற்காக யாரும் அந்தப் பாட்டைக் கிழித்துப் போடவில்லை.

'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்பதுதானே தமிழன் பதில்?

கணியன் பூங்குன்றனார் அதைச் சொன்னார், உண்மை. பழைய இராமநாதபுர மாவட்டத்தில் இருந்து இப்போது சிவகங்கையில் இருக்கும் மகிபாலன்பட்டிதான் அவர் ஊர் என்பார்கள். ஆனால் அதே பாட்டில் சில அடி தள்ளி, பேராற்று நீரோடு போகும் தெப்பம் போல உயிர் முறைவழிப் போகிறது என்கிறார். தீமை பிறர் தந்து வருவதில்லை, தெப்பமோ நீர் போகும் வழியில்தான் போகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கிரகம் செய்யவைத்தால்?

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவகிரகக் கற்களாக நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்ற வருகிறவர்களை நான் குறைசொல்லமாட்டேன், நானும் சுற்றியிருக்கிறேன். ஆனால் சனி திசை என்பதற்காகத் தம்பி சொத்தை எழுதி வாங்கியவரைச் சனி வந்து கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.

இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினால் பாவம் தீருமா?

தீர்த்தம் என்ன செய்யும் என்று நான் சொல்வதைவிட, அந்தக் கோயில் ஏன் வந்தது என்பதைப் பாருங்கள். இராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம், அதாவது அந்தணரைக் கொன்ற பாவம், நீங்க, சீதை மணலில் செய்த லிங்கத்தை வைத்து இராமன் வழிபட்டான் என்பது தலவரலாறு. இராவணன் அடுத்தவன் மனைவியைச் சிறைவைத்தவன். அவனைக் கொல்வதற்கென்றே எடுத்தது அந்த அவதாரம். 'என் கடமையைச் செய்தேன், இதில் தோஷம் என்ன இருக்கிறது' என்று இராமன் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். தலவரலாறு அவனை அப்படிப் போகவிடவில்லை. ஓர் உயிர் போனது, என் கையால் போனது என்று கரையில் உட்காரவைத்தது. தெய்வமே தன் செயலுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்த இடத்தில் குளித்துவிட்டு, 'எல்லாம் தெய்வம் செய்யவைத்தது' என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புவது எப்படிச் சரியாகும்?

கடவுள்மேல் கோபப்படலாமா?

உத்தரகோசமங்கைக்குப் போனால் நீத்தல் விண்ணப்பத்தைப் படியுங்கள். மாணிக்கவாசகர் அங்கே பாடியதாகச் சொல்லப்படும் ஐம்பது பாட்டு. பாட்டுக்குப் பாட்டு 'விடுதி கண்டாய்' என்று வருகிறது. என்னை விட்டுவிடாதே என்ற கெஞ்சல். தன் பிழை எதையும் அவர் மறைக்கவில்லை. நான் கடையவன், பெண்ணாசையில் கிடந்தேன், நீ ஆட்கொண்ட பிறகும் பொய்யனாக இருந்தேன் என்று தன்மேலேயே குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். ஆனால் முடிவை ஒட்டி வரும் ஒரு பாட்டில் தொனி மாறுகிறது. நீ என்னை விட்டால் ஊர் சிரிக்கச் செய்வேன், யானைத்தோல் போர்த்த பித்தன், நஞ்சு தின்ற பித்தன், சுடுகாட்டுப் பித்தன், என்னையும் ஆளாக எடுத்துக்கொண்ட பித்தன் என்று ஏசுவேன் என்கிறார்.

'என்னையும்' என்ற அந்தச் சொல்லை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் தடுமாறும். பிழை என்னுடையது, ஆனால் என்னை எடுத்துக்கொண்டவன் நீ, ஆகவே நீ என்னை விடமுடியாது. தன் பொறுப்பில் ஒரு தூசியும் குறைக்காமல் அவன் பொறுப்பை முழுதாகக் கேட்கிறார். இந்தப் பக்கம் முழுவதும் நான் சுற்றிச் சுற்றிச் சொல்ல முயல்வதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

என் அண்ணன் குடித்துவிட்டு அண்ணியை அடிக்கிறான். 'என்னை இப்படிப் படைச்சுட்டான்' என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?

முதலில் அண்ணியையும் பிள்ளைகளையும் அடி விழாத இடத்துக்குக் கூட்டிப்போம்மா. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையம் இருக்கிறது. கடவுளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

போதை தெளிந்திருக்கும் காலையில் அவரிடம் இதைக் கேட்டுப்பார்: "அப்படியே இருக்கட்டும் அண்ணே, படைத்தவர் தப்பாவே படைச்சிட்டார். அவர்கிட்ட நானும் வந்து கேட்கிறேன். நேத்து ராத்திரி மதினி கையை முறுக்கினது யாரு?" குடிப்பழக்கம் நோயாகவும் ஆகும், அவர் விருப்பம் இப்போது நொண்டுகிறது என்பதும் உண்மை. சிகிச்சைக்குக் கூட்டிப்போவதும் வீட்டாரின் பொறுப்பில் வரும். ஆனால் சிகிச்சைக்கு வருகிறேன் என்று தலையசைக்கும் அளவுக்கு அவரிடம் விருப்பம் மீதி இருக்கிறது. அந்த அளவுக்கு அவரைக் கேட்கலாம்.

வெடியில் கை இழந்த அந்தப் பையன் என்ன ஆனார்?

இதைக் கேட்காத வகுப்பே இல்லை. மூன்று வருடம் கழித்து அவரே அப்பாவின் கொட்டகைக்கு வந்து, வேலை கற்றுக்கொடுங்கள் என்றார். கலப்பத்துக்கு இரண்டு கை வேண்டும், ஒன்று உளிக்கு, ஒன்று கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலுக்கு. அப்பா தோலில் ஒரு பட்டை தைத்து, அவருடைய வலது முன்கையில் உளியைச் செருகிக்கட்டும்படி செய்து கொடுத்தார். இடது கையால் கொட்டாப்புளி பிடிக்கப் பழகுவதற்கு ஒரு வருடம் ஆனது. வெடி போட்ட ஆள் கடைசிவரை அவர் வீட்டுப் படி ஏறவில்லை. இன்னொரு வல்லம் கட்டச் சொல்லி எங்களிடம் வந்தார், அப்பா மறுத்துவிட்டார்.

பைபர் படகுகள் வந்து கொட்டகை மூடும்வரை அந்தப் பையன் அங்கேயேதான் வேலை பார்த்தார். அப்பாவை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று முன்பக்கம் இடது தோள் கொடுத்தவர் அவர்.